மடுவிலிருந்து முல்லைத்தீவு வரை: வாசல் திறந்திருந்த கோவில்கள்

ஆகஸ்ட் 13, புதன் – நீர்கொழும்பு, இலங்கை

கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் கோவிலுக்குள் போனால் புதுக் கூரைதான் முதலில் கண்ணில் படும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறு காலைப் பூசையில் குண்டு வெடித்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்தக் கூரையின் கீழ் இறந்தார்கள். அன்று இங்கே நின்ற இயேசுவின் சுரூபத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். உடலெங்கும் சில்லுகள் துளைத்த குழிகள், இரத்தப் பொட்டுகள். யாரும் துடைக்கவில்லை, வண்ணம் பூசி மறைக்கவுமில்லை.

வருகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பெட்டி முன் நின்றுவிட்டுப் போய்விடுகிறார்கள். அடுத்து வந்த வாரங்கள்தான் கடினமானவை. குண்டுவெடிப்புக்கு எந்தத் தொடர்பும் இல்லாத பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளை நீர்கொழும்பு வாடகை வீடுகளிலிருந்து துரத்தினார்கள். மே மாதம் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. துரத்தியவர்களில் கத்தோலிக்கர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பழிவாங்காதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். அதே மனிதர் நீதி கேட்பதையும் விடவில்லை. எச்சரிக்கை வந்தும் தடுக்கத் தவறியதற்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மன்னித்தாகிவிட்டது, வழக்கு எதற்கு என்று நம்மூரில் கேட்பவர்கள் உண்டு. இந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்வதாகத் தோன்றவில்லை.

காலை உணவு இடியப்பம், பருப்பு, கட்டைச் சம்பல்: 350 ரூபாய். நம் பணத்தில் நூறு. சம்பலில் மாசிக்கருவாடு இருக்கும். மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன் – மடு

நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துச் சிங்களக் கத்தோலிக்கர்கள் வாடகைக்குப் பிடித்த பேருந்து. மதவாச்சி தாண்டியதும் ரேடியேட்டர் கொதித்து ஒன்றரை மணி நேரம் சாலையோரம். யாரும் ஓட்டுநரைத் திட்டவில்லை. ஒரு அம்மா செபமாலையைத் தொடங்கினார், இன்னொரு அம்மா கிரிபத் என்ற பாற்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். சிங்களம் தெரியாதவருக்கும் ஒரு துண்டு, லுணுமிரிஸ் என்ற மிளகாய்ச் சம்பலைத் தொட்டு.

மன்னார் சாலையில் மடுச் சந்தியில் திரும்பினால் கோவிலுக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் போலக் காடு. யானை நடமாட்டம் உள்ள இடம், இருட்டிய பிறகு மோட்டார் சைக்கிளில் வராதீர்கள் என்று சந்தியில் எல்லோரும் சொல்கிறார்கள்.

மடு மாதா கோவிலுக்கு ஆகஸ்ட் 15 பெரிய திருவிழா. இலட்சக்கணக்கில் வருகிறார்கள், தங்கும் விடுதியென்று பெரிதாக எதுவுமில்லை. ஆகவே காடே முகாம். பாலை மரமும் வீரை மரமும் நிற்கும் நிழலில் நாலைந்து நாளைக்குக் குடும்பம் குடும்பமாகக் குடியிருப்பு. இதை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பதற்கே ஒரு பகல் போதவில்லை.

ஒரு குடும்பத்துக்குத் தேவை 12க்கு 15 அடித் தறப்பாள் (தார்ப்பாய்) ஒன்று, நைலான் கயிறு இருபது மீட்டர், கம்பு நாலு. கயிற்றை மரத்துக்கு மரம் ஆள் உயரத்துக்கு மேலே கட்டி, தறப்பாளை அதன்மேல் போட்டு, காற்று வரும் பக்கத்தை மட்டும் தாழ்த்தி இறக்குகிறார்கள். இந்த மாதத்தில் தென்மேற்குக் காற்று ஓயாது. நாலு பக்கமும் உயர்த்திக் கட்டியவர்களின் கூரை மத்தியானத்துக்குள் பாய்மரம் போல உப்பி, ஓரத்தில் கயிறு கோக்கும் வளையம் பிய்ந்துவிட்டது. அந்த ஓட்டையில் நேராகக் கயிறு கட்டக் கூடாது. ஒரு கூழாங்கல்லைத் தறப்பாளின் மூலையில் வைத்துச் சுருட்டி, கல்லின் கழுத்தில் முடிச்சுப் போட வேண்டும். பக்கத்துக் கூடாரத்துப் பெரியவர் செய்து காட்டியது. அந்த முடிச்சை அவர் எங்கே கற்றார் என்பது பிறகு தெரிந்தது. 1990இல் இதே காட்டில் அகதியாக இருந்திருக்கிறார்.

தண்ணீர்தான் அடுத்தது, எல்லாவற்றிலும் பெரியது. பேரிடர் முகாம்களுக்கு உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு, ஆளொருவருக்கு நாளுக்குக் குறைந்தது 15 லீட்டர், 250 பேருக்கு ஒரு குழாய், 20 பேருக்கு ஒரு கழிப்பறை. ஐந்து பேர் குடும்பத்துக்கு 75 லீட்டர் என்றால் இருபது லீட்டர் கான்கள் நாலு. பவுசர் எனும் தண்ணீர் வண்டிகள் தொட்டிகளை நிரப்பியபடி இருக்கின்றன. விடியற்காலை நாலு மணிக்குப் போனால் பத்து நிமிடம், ஏழு மணிக்குப் போனால் முக்கால் மணி நேரம். வெஸ்பர் எனும் மாலைச் செப நாளான 14ஆம் தேதி மாலை கூட்டம் ஒரேயடியாக ஏறும்போதுதான் எல்லாம் தடுமாறும். ஊற்றிக் கழுவும் கழிப்பறைக்கு ஒரு தடவைக்கு மூன்று நாலு லீட்டராவது வேண்டும். குடிக்கவே வரிசை நீளும்போது யாரும் கழிப்பறைக்கு வாளி தூக்க மாட்டார்கள். இராத்திரிக்குள் அடைத்துக்கொள்ளும், மறுநாள் வயிற்றோட்டம். அதனால்தான் பொதுச் சுகாதார பரிசோதகர்கள் உணவுக் கடைகளைவிடத் தண்ணீர்த் தொட்டிகளைச் சுற்றியே அலைகிறார்கள். தண்ணீரில் குளோரின் வாசனை அடித்தால் முகம் சுளிக்க வேண்டாம். வாசனை இல்லாவிட்டால்தான் கவலை. மருத்துவக் கூடாரத்தில் 'ஜீவனி' உப்புக் கரைசல் பொட்டலம் இலவசம். கடையில் ஒரு லீட்டர் தண்ணீர்ப் போத்தல் 100 ரூபாய்.

குரங்குகள் ஒரு பாண் (ரொட்டி) முழுவதையும் கொண்டுபோய்விட்டன. தகரப் பெட்டி கொண்டுவராதவர்கள் அத்தனை பேருக்கும் இதே கதைதான்.

ஒலிபெருக்கியில் தொலைந்த பிள்ளைகளின் அறிவிப்பு, ஒருமுறை தமிழில், ஒருமுறை சிங்களத்தில். போர்க்காலத்தில் இந்த இரண்டு மொழிக்காரர்களும் ஒரே இடத்தில் கூடிய சில இடங்களில் இது ஒன்று.

ஆகஸ்ட் 15, வெள்ளி – மடு

திருவிழாப் பூசை விடிந்ததும் தொடங்கிவிடுகிறது. ஐந்து மணிக்கே முன்வளாகம் நிறைந்துவிட்டது. மாதா சுரூபத்தைத் தூக்கி ஆசீர்வதிக்கும்போது எழும் சத்தத்தை எழுதிக் காட்ட முடியாது, விட்டுவிடுகிறேன்.

சுரூபத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். 1670 வாக்கில் மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் இந்தச் சுரூபத்தோடு காட்டுக்குள் ஒதுங்கின. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்த இன்னும் சில நூறு பேர் சேர்ந்துகொண்டார்கள். அதாவது மடு பிறந்ததே அகதி முகாமாகத்தான். விரட்டியவர்களும் கிறிஸ்தவர்களே. 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் வந்து இறங்கிய யோசப் வாஸ் அடிகள், மறைந்து வாழ்ந்த இந்த மக்களைத்தான் தேடி வந்தார். கண்டியில் 1697இல் அம்மை கண்டபோது வீட்டார் கைவிட்டவர்களைக் குடிசைகளில் வைத்து, அவரும் அவருடைய உடன்பிறப்பின் மகனான இன்னொரு குருவும் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களைப் புதைத்தார்கள். 2015 ஜனவரி 14 காலை கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கு வந்தார்.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது ஆயிரக்கணக்கானோர் திருவிழாவுக்கு வந்து பழகிய அதே பாதையில் இங்கே வந்தார்கள். ஐ.நா. அகதிகள் அமைப்பு கோவில் வளாகத்தில் திறந்த நிவாரண நிலையம் அமைத்தது. கிணறு எங்கே, எந்த மேட்டில் மழைத்தண்ணீர் நிற்காது, கழிப்பறைக் குழியை எந்தப் பக்கம் வெட்டினால் கிணற்றில் கசியாது என்பதெல்லாம் தலைமுறை தலைமுறையாகத் திருவிழாவுக்கு வந்தவர்களுக்கு முன்பே தெரியும். பக்திமான்கள் இதை அற்புதம் என்பார்கள். எனக்கு இது பயிற்சியாகத் தெரிகிறது, அதில் மாதாவுக்கு ஒரு குறையுமில்லை.

அடைக்கலம் எப்போதும் காப்பாற்றியதா என்றால் இல்லை. 1999 நவம்பர் 20 இரவு, கோவில் வளாகத்தில் ஒதுங்கியிருந்தவர்கள்மீது எறிகணை விழுந்து சுமார் நாற்பது பேர் இறந்தார்கள். இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டின. 2008 ஏப்ரலில் சண்டை வாசலுக்கே வந்தபோது குருக்கள் சுரூபத்தை எடுத்துக்கொண்டு வடக்கே தேவன்பிட்டிக்குப் போனார்கள். ஆகஸ்ட் திருவிழாவுக்கு முன் அது திரும்பி வந்தது.

திரும்பும் வழியில் ஒரு எச்சரிக்கை. பூசை முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள், வெளியே போக இருப்பது ஒரே சாலை. அந்தப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு மூன்றரை மணி நேரம், முழுக்கச் செம்மண் புழுதி. மத்தியானம் சமைத்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, நாலு மணிக்குக் கிளம்பிய குடும்பங்கள் எங்களுக்கு முன்னால் சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தன.

ஆகஸ்ட் 16, சனி – மன்னார், வங்காலை

மன்னார் தீவில் கழுதைகள் பேருந்து நிலையத்தில் நம்மோடு நிற்கின்றன. பெருக்கமரம் (பாவோபாப்) ஒன்று பள்ளிமுனையில், ஒரு வீடு அளவுக்கு. பகலில் வெயிலைவிட உப்புக்காற்றுதான் உதட்டை வெடிக்க வைக்கிறது.

தோட்டவெளியில் மறைசாட்சிகளின் கோவில். தூத்துக்குடிக் கரையில் ஊழியம் செய்துகொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியார், மன்னார் மக்கள் கேட்டதால் ஒரு குருவை அனுப்பினார். திருமுழுக்குப் பெற்றவர்களை 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலி வெட்டிக் கொன்றான். அறுநூறு பேர் என்பது மரபு. போர்த்துக்கேயர் பின்னால் வருவார்கள் என்ற அரசியல் பயம் அவனுக்கு இருந்தது, அந்தப் பயம் வீணுமல்ல. ஆனால் செத்தவர்கள் மீன்பிடிக்கிற சனம்.

வங்காலை, தீவுக்கு வெளியே. புனித அன்னாள் கோவிலின் பங்குத்தந்தை மேரி பஸ்தியன் அடிகள் 1985 ஜனவரி 6 அன்று இங்கே சுட்டுக் கொல்லப்பட்டார். கருவாடு காயும் முற்றத்தில் ஒரு பாட்டி, "எங்கயிருந்து வாறியள் பிள்ளை? தமிழ்நாடோ? அப்ப தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போக வேணும்" என்றார். சீனி போடாத தேநீரும் உள்ளங்கையில் கடித்துக்கொள்ளப் பனங்கட்டியும். காசு நீட்டினால் கோபம். கட்டாக் கருவாடு கால் கிலோ வாங்கியதும்தான் சமாதானம்.

மன்னாரைப் பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிடுவது வழக்கம். 1990 அக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்கள். எருக்கலம்பிட்டி அப்போது காலியான ஊர்களில் ஒன்று. மடுவில் தமிழர்கள் தறப்பாள் கட்டிய அதே ஆண்டு இது.

மாலை பூநகரி வழியாக யாழ்ப்பாணம். சங்குப்பிட்டிப் பாலத்தில் பேருந்து காற்றில் ஆடியது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு – நவாலி, மானிப்பாய்

நல்லூர்த் திருவிழா நடக்கிறது. அறை வாடகை இரட்டிப்பு, பாதிக் கடைகளில் மரக்கறி மட்டும். மரக்கறிச் சாப்பாடு 450 ரூபாய், சொதி கேட்கக் கேட்க ஊற்றுகிறார்கள்.

நவாலி புனித பேதுரு கோவில். 1995 ஜூலை 9, இராணுவம் முன்னேறத் தொடங்கியதும் ஊர்விட்டு ஓடி வந்தவர்கள் கோவிலிலும் பக்கத்து முருகன் கோவில் சுற்றிலும் தங்கினார்கள். விமானக் குண்டுவீச்சில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நினைவுக்கல்லில் பெயர்கள் இருக்கின்றன, சைவப் பெயர்களும் கிறிஸ்தவப் பெயர்களும் கலந்து. கோவிலில் இடம் கொடுத்தபோது யாரும் ஞானஸ்நானச் சான்று கேட்கவில்லை என்பதற்கு வேறு ஆவணம் தேவையில்லை.

இங்கிருந்து சைக்கிள் தூரத்தில் மானிப்பாய். அமெரிக்க மிஷனின் சாமுவேல் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர். ஆங்கிலத்தில் படித்த மாணவர்கள் சம்பளம் பார்த்து அரசாங்க வேலைக்குப் போய்விடுகிறார்கள், கிராமத்தில் நிற்பதில்லை என்று கண்டு, தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். கற்பிக்க நூல் வேண்டுமே! இரணவைத்தியம் (அறுவைச் சிகிச்சை), கெமிஸ்தம் (வேதியியல்) என்று ஒவ்வொன்றாக மாணவர்களையும் பண்டிதர்களையும் சேர்த்துக்கொண்டு மொழிபெயர்த்தார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்கள் அவரிடம் பயின்று வெளியேறினார்கள். 1873இல் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். கல்லறையில் 'தமிழருக்கு மருத்துவ நற்செய்தியாளர்' என்று எழுதச் சொன்னார், மாசாசூசெட்ஸில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். ஞாயிறு பிரசங்கம் எவருக்கும் நினைவில் இருக்காது, மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள் – அல்லைப்பிட்டி

பண்ணைப் பாலம் தாண்டி, இருபுறமும் ஆழமில்லாக் கடல். குடை பிடிக்க முடியாத காற்று.

2006 ஆகஸ்ட் 13 விடியற்காலை புனித பிலிப்பு நேரி கோவிலில் ஒதுங்கியிருந்தவர்கள்மீது எறிகணை விழுந்தது. பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகள் செய்தவை வரிசையாக இவை: காயப்பட்டவர்களை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வழி கேட்டுக் கடற்படையிடம் மன்றாடினார், மீதியிருந்த குடும்பங்களை ஊர்காவற்றுறைக் கோவிலுக்கு நகர்த்தினார், அவர்களுக்குச் சாப்பாடு தேடினார். ஒரு வாரம் கழித்து, 20ஆம் தேதி, துணைக்கு ஒருவரோடு அல்லைப்பிட்டிக்குத் திரும்பிப் போனார். இருவரும் வீடு வரவில்லை, இன்றுவரை.

தேநீர்க் கடை அண்ணை இதைச் சொல்லும்போது குரலை உயர்த்தவுமில்லை, தாழ்த்தவுமில்லை. நடுவில் ஒரு வாடிக்கையாளருக்கு ரோல்ஸ் எடுத்துக் கொடுத்துச் சில்லறை எண்ணிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பிளேன்டீ 50, மீன் ரோல்ஸ் 100.

ஆகஸ்ட் 19, செவ்வாய் – வலைஞர்மடம், வட்டுவாகல்

கிளிநொச்சியில் இறங்கி மாற வேண்டும். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் கந்தசுவாமி கோவிலருகே 2017 பிப்ரவரியில் போராட்டம் தொடங்கிய ஊர் இது.

வலைஞர்மடம் கடற்கரைக் கிராமம். 2009 தொடக்கத்தில் இலட்சக்கணக்கான சனம் இந்த மணல் துண்டில் நெருக்கப்பட்டபோது, வெளியேற வாய்ப்பிருந்த குருக்களும் கன்னியரும் சிலர் தங்கிவிட்டார்கள். மாதா கோவில்தான் மருத்துவ இடம், கஞ்சி காய்ச்சும் இடம், பிள்ளைகளை ஒளித்துவைக்கும் இடம். ஒளித்தது இராணுவத்துக்குப் பயந்து மட்டுமல்ல, கோவிலுக்குள் புகுந்து இளையோரைப் புலிகளும் இழுத்துப் போனார்கள். ஏப்ரலில் கோவில்மீது விழுந்த எறிகணையில் ஒரு குரு காலை இழந்தார். இரண்டு பக்கமும் ஆயுதம் இருந்த இடத்தில் 'நடுநிலை' என்பது பாதுகாப்பான நிலை அல்ல, இரண்டு பக்கத்திலிருந்தும் அடிவாங்கும் நிலை.

வட்டுவாகல் பாலம் குறுகலானது, ஒரு வண்டி போனால் எதிரே வருவது நிற்க வேண்டும். 2009 மே 18 அன்று சரணடைந்தவர்களோடு யாழ் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் பிரான்சிஸ் ஜோசப் அடிகளும் போனார். கூட வந்தவர்களின் பெயர்களை அவர் பட்டியலாக எழுதினார் என்று கண்டவர்கள் சொல்கிறார்கள். அவருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும், அதிகாரிகளோடு பேச ஆள் வேண்டும் என்பதே கூடப் போனதன் காரணம் என்கிறார்கள். பேருந்தில் ஏற்றப்பட்டவர்களைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

முல்லைத்தீவில் மத்தியானச் சாப்பாடு, பாரைக் குழம்போடு 600 ரூபாய். மீன் அன்று காலையில் பிடித்தது. 2009 போரின் கடைசி நாட்களில் சனம் குடித்த கஞ்சியின் நினைவாக மே மாதம் காய்ச்சும் கஞ்சியைப் பற்றிக் கடை அம்மாவிடம் கேட்டபோது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு விளக்கினார். கோவில் முற்றத்திலும் சந்திகளிலும் மே 12 முதல் 18 வரை காய்ச்சுகிறார்கள். பத்துக் கிலோ அரிசிக்கு 150 லீட்டர் போலத் தண்ணீர். அரிசி குழைந்து மறைகிற வரை கொதிக்க வேண்டும், கிளறாமல் விட்டால் அடிப்பிடித்து முழுப் பானையும் புகைவாடை அடிக்கும். உப்பு கடைசியில். முதலிலேயே போட்டால், தண்ணீர் வற்ற வற்றக் கரித்துப்போகும். சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பது, யார் வந்தாலும். போன முறை இளம் பிள்ளைகள் சிலர் தேங்காய்ப்பால் விட்டால் ருசியாக இருக்குமே என்று கேட்டார்களாம்.

"அப்ப எங்கட்ட தேங்காய் இருந்ததோ?" என்று கேட்டு வாயடைத்துவிட்டதாகச் சொன்னார். பங்குச் சுவாமியும் அவர் பக்கம்தானாம்.